கையெழுத்தும் சர்டிபிகேட்டும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று சங்கத்தார் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது, கடைசி வருஷம் நாம் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு அலைந்த ஆட்டோகிராப் நோட்டுதான். ரோஸ், மஞ்சள், பச்சை என்று கலர் கலராகத் தாள். அதில் உள்ள கையெழுத்துகளை யாரும் சந்தேகிக்க முடியாது. கண்ணெதிரே போட்டு வாங்கியவை. காசு கொடுத்து வாங்கும் கையெழுத்து வேறு சமாசாரம் என்று புரிய எனக்கு ஐம்பது வயது தாண்ட வேண்டியிருந்தது.

சில வருஷங்களுக்கு முன் இன்டர்நெட் ஏலத்தில் டான் பிராட்மன் கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்றை வாங்கினேன். கூடவே தங்க முத்திரை ஒட்டிய சர்டிபிகேட். பிரேம் போட்டு ஹாலில் மாட்டினேன். பிரஸ் நடத்தும் நம் செட் நண்பர் ஒருவர் வந்தார். லென்ஸை வைத்துப் பார்த்தார். "இது மை இல்லப்பா, அச்சு" என்றார். பேனாவால் போட்டிருந்தால் மை ஒரே ஓட்டமாக இருக்கும். இதில் படத்தைப் போலவே கையெழுத்தும் பொடிப் பொடிப் புள்ளிகள். விற்றவருக்கு எழுதினேன், பதில் இல்லை. "அதான் சர்டிபிகேட் இருக்கே" என்று இழுத்தேன். "சர்டிபிகேட்டுதானே? என் பிரஸ்ஸிலேயே நூறு அடிச்சுத் தர்றேன்" என்றார்.

அந்த எரிச்சலில்தான் இதன் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன்.

இந்த வியாபாரம் கொழுத்தது அமெரிக்காவில். அதன் குட்டு உடைந்ததும் அங்கேதான். 1990களின் நடுவில் சிகாகோ எஃப்.பி.ஐ., மைக்கேல் ஜோர்டான் முதலிய வீரர்களின் கள்ளக் கையெழுத்துகளை விற்ற கூட்டத்தைப் பிடித்தது. போட்டவன், விற்றவன் மட்டுமல்ல, 'அசல்தான்' என்று சான்று கொடுத்தவனும் அதில் சேர்த்தி. நூல் கலிபோர்னியா வரை நீண்டது. 1997-இல் சான் டியாகோவில் 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் ரகசிய விசாரணை தொடங்கியது. பாட்ரெஸ் பேஸ்பால் அணியின் நட்சத்திரம் டோனி க்வின், தான் போடாத கையெழுத்து தன் அணியின் கடையிலேயே விற்பனைக்கு இருப்பதாகப் புகார் சொன்னார். விசாரித்தால், உண்மை! சொந்தக் கடையே ஏமாந்தால் நான் எம்மாத்திரம்?

1999 அக்டோபரில் ஒரே சமயத்தில் பல மாநிலங்களில் சோதனை போட்டார்கள். அகப்பட்ட சரக்கில் அன்னை தெரசா கையெழுத்திட்ட பேஸ்பால்களும் இருந்தன. அந்த அம்மையார் பந்தில் கையெழுத்துப் போடுவாரா என்று யாருக்கும் தோன்றவில்லை. அவற்றோடும் சர்டிபிகேட் போகிற வியாபாரம்தானே அது! ஈபே ஏலத்தளம் 1995-இல்தான் பிறந்திருந்தது. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமலே ஏலம் கேட்கும் ஜனம் பெருகிய காலம் அது.

இதற்குப் பிறகு பேஸ்பால் லீக் 2001-இல் ஓர் ஏற்பாடு செய்தது. வீரர் கையெழுத்துப் போடும்போது, போலீஸ் வேலை பார்த்த ஒருவர் பக்கத்திலேயே நின்று பார்ப்பார். அங்கேயே எண்ணிட்ட ஹாலோகிராம் ஒட்டப்படும். நம் ஆட்டோகிராப் நோட்டு முறைதான், கொஞ்சம் செலவு அதிகம்.

செத்துப்போனவர் கையெழுத்துக்குச் சாட்சி கிடையாது. அங்கே புத்திதான் வேலை செய்ய வேண்டும். பேபி ரூத் இறந்தது 1948. ஷார்ப்பி மார்க்கர் பேனா கடைக்கு வந்தது 1964. அந்தப் பேனாவில் அவர் கையெழுத்து இருந்தால் ஆவிதான் போட்டிருக்க வேண்டும். போலிக்காரன் மெதுவாக வரைகிறான். கோடு நடுங்கும், நடுவே பேனா எடுத்த இடம் தெரியும். கென்னடிக்கோ கையெழுத்துப் போடவே மெஷின் இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் மயிரிழை பிசகாமல் பொருந்தும். பொருந்தினால் சந்தோஷப்படக் கூடாது, அங்கேதான் உஷாராக வேண்டும்.

இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. நம் ஹாஸ்டலில் வார்டன் கையெழுத்தை அவுட்பாஸில் 'டிரேஸ்' எடுத்துக் கொடுத்த மகானை என் செட் மறந்திருக்காது. இரண்டு சீட்டை ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வார்டன் கேட்டாரே, "டேய், நானே ரெண்டு தடவை ஒரே மாதிரி போட்டதில்லை. நீ எப்படிடா போட்டே?"

என் பிராட்மன் கதையை முடித்துவிடுகிறேன். "போனது போகட்டும், நீயும் ஏலத்தில் விட்டுடு. சர்டிபிகேட்டும் தங்க முத்திரையும் அப்படியே இருக்கே" என்றார் ஓர் உறவினர். கொடுத்த பணம் என் அரை மாதப் பென்ஷன். இரண்டு நாள் யோசித்தேன் என்பதை மறைக்கவில்லை. போட்டோ கூட எடுத்துவிட்டேன், ஏலத்தில் போட. பிறகு சர்டிபிகேட்டின் மேல் குறுக்காக 'கையெழுத்து அச்சு' என்று எழுதி, என் கையெழுத்தும் தேதியும் போட்டு, படத்தின் பின்னால் ஒட்டினேன். இப்போதும் ஹாலில்தான் தொங்குகிறது. கேட்கிறவர்களுக்குத் திருப்பிக் காட்டுகிறேன்.