ஃபெர்மா தவறவிட்ட 641

4294967297 பகா எண்ணா, பகு எண்ணா? நானூற்று இருபத்தொன்பது கோடியைத் தாண்டிய இந்த எண்ணைப் பற்றி 92 ஆண்டுகள் ஒரு தவறான கருத்து நிலவி வந்தது. அக்கருத்தை வெளியிட்டவர் சாதாரண மனிதர் அல்லர். எண் கணிதத்தின் தந்தை எனத்தக்க பியேர் த ஃபெர்மா.

பிரான்சிலுள்ள துலூஸ் நகர நீதிமன்றத்தில் பணியாற்றிய ஃபெர்மா, ஓய்வு நேரத்தில் கணிதம் பயின்றவர். 2-இன் 1, 2, 4, 8, 16 ஆகிய அடுக்குகளுடன் ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்தும் பகா எண்களே. அடுக்கை இப்படி இரட்டித்துக்கொண்டே போனால் எப்போதும் பகா எண்தான் வரும் என்று 1640-இல் ஃப்ரெனிக்கிள் என்பவருக்கு எழுதினார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். அந்த வரிசையில் அடுத்து வருவதுதான் 4294967297.

1729 டிசம்பரில் கோல்ட்பாக் இதை ஒரு கடிதத்தில் ஆய்லரின் கவனத்துக்குக் கொண்டு வந்தார். ஆய்லருக்கு அப்போது வயது 22. ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கழகத்தில் இருந்தார். 1732-இல் அவர் விடையை அறிவித்தார்: 641 × 6700417. ஐயமுள்ள வாசகர்கள் பெருக்கிப் பார்க்கலாம்.

641 எப்படி அகப்பட்டது? அதன் காரணத்தை ஆய்லர் பிந்திய கட்டுரை ஒன்றில் விளக்கினார். இந்த எண்ணுக்குப் பகாக் காரணி ஏதேனும் இருந்தால், அதை 64-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும். ஆகவே 65, 129, 193 என்று 64 கூட்டிக்கொண்டே போய், அவற்றுள் பகா எண்களை மட்டும் எடுத்தால் போதும். அவை 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலிலேயே வேலை முடிந்தது! எவ்வித விதியுமின்றி 2, 3, 5 என்று தொடங்கியிருந்தாலும், 641 வெறும் 116-ஆவது பகா எண்தான்.

வியப்பு என்னவென்றால், இதை ஒத்த விதி ஒன்று ஃபெர்மாவின் கையிலேயே இருந்தது. 2-இன் 37-ஆவது அடுக்கிலிருந்து ஒன்றைக் குறைத்தால் 137438953471. இதன் பகாக் காரணியை 74-ஆல் வகுக்க மீதி 1 வரவேண்டும் என்று கண்டு, 223 அதை வகுக்கும் என அதே 1640-இல் காட்டியவர் அவரே. தம் சொந்தக் கருவியை இங்கே சரியாகப் பயன்படுத்தாமல் போனார், அல்லது கணக்கில் எங்கோ சறுக்கினார் என்றுதான் கொள்ள வேண்டும்.

65537-க்குப் பிறகு இவ்வரிசையில் ஒரு பகா எண்கூட இதுவரை கிடைக்கவில்லை. 3-ஐப் பூஜ்யமாவது என்று கொண்டு எண்ணினால், 5 முதல் 32 வரை அனைத்தும் பகு எண்களே. இவற்றுள் 24-ஆவது எண்ணுக்கு 50 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள்! அது பகு எண் என்று 1999-இல் கணிப்பொறி மூலம் நிறுவப்பட்டது; ஆனால் அதன் ஒரு காரணிகூட இன்னும் அகப்படவில்லை. 33-ஆவது எண் எந்த வகை என்பதே தெரியாது.