சாந்து காணாத வீடுகள்

இத்தாலி நாட்டின் தென்கிழக்கே, பூலியா மாநிலத்தில், பாரித் துறைமுகத்திலிருந்து உள்நாட்டை நோக்கிச் செல்லும் சிறு இரயில் வண்டி, ஸைத்தூன் தோப்புகளுக்கிடையே நெடுந்தூரம் ஊர்ந்து சென்று அல்பெரோபெல்லோ என்னும் சிற்றூரில் நம்மை இறக்கிவிடுகிறது. நிலையத்தினின்றும் சிறிது தொலைவு நடந்ததும் மேட்டுச் சரிவு முழுவதும் கூம்புக் கூரைகள்! வெண்சுவர்களின் மேல் சாம்பல் நிறக் கற்குல்லாய்களைக் கவிழ்த்து வைத்தாற் போன்ற தோற்றம். மோந்தி என்னும் பகுதியில் மட்டும் இத்தகைய வீடுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. 'ட்ருல்லோ' என்பது இவ்வீட்டின் பெயர். குவிமாடத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது என்பர்.

பாரி என்றதும் நம் வாசகர்களுக்கு ஒரு செய்தியை நினைவூட்டாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. கி.பி. 847 முதல் 871 வரை அந்நகர் முஸ்லிம் அமீர்களின் ஆட்சியில் இருந்தது. கல்ஃபூன், முஃபர்ரஜ், ஸவ்தான் என்னும் அம்மூவரைப் பற்றி வரலாற்றாசிரியர் அல்பலாதுரீ எழுதி வைத்துள்ளார். ஆயினும், கூம்பு வீடுகளை அரபிகளின் கொடை என்று உரிமை கொண்டாட நாம் முற்படவில்லை, அதற்குச் சான்றில்லை. இப்ராஹீம் நபி (அலை) அவர்களின் வரலாற்றோடு இணைத்துப் பேசப்படும் ஹர்ரானிலும் கூம்பு வீடுகள் உண்டு. அவை செங்கல்லாலும் மண்ணாலும் ஆனவை. மரம் அரிதான இடங்களில் மனிதன் கையிலுள்ள பொருளைக் கொண்டே கூரையை மூட வழி கண்டான் என்று கொள்வதே பொருந்தும்.

அல்பெரோபெல்லோவில் கிடைத்த பொருள் சுண்ணாம்புக் கல். நிலத்தைத் தோண்டினால் கல், உழுதால் கல். அக்கற்களை இரு வரிசையாக அடுக்கி, இடையே கற்சல்லிகளை நிரப்பித் தடித்த சுவரை எழுப்புகின்றனர். அதன்மேல் ஒவ்வொரு வளையமும் கீழுள்ளதைவிடச் சற்று உள்ளே நீளுமாறு கற்களை வைத்துக்கொண்டே போனால் உச்சியில் ஒரு கல்லுக்கே இடம் எஞ்சும். வெளிப்புறத்தில் மெல்லிய கற்பலகைகள் சரிவாகப் படிகின்றன. மழைநீர் அவற்றின்மீது வழிந்து வீட்டின் அடியிலுள்ள தொட்டியில் சேர்கிறது. ஆறோ ஓடையோ இல்லாத அப்பாறை நிலத்தில் அத்தொட்டியே உயிர்நாடி. இத்தனைக்கும் ஒரு கரண்டிச் சாந்து கிடையாது. கோடை உச்சியில் நாம் உள்ளே நுழைந்தபோது, சுவரின் கனத்தால் அறை கிணற்றடி போல் குளிர்ந்திருந்தது. சாளரமோ கையகலம்.

சாந்து ஏன் இல்லை? இங்கேதான் வரலாறு குறுக்கிடுகிறது. நேப்பிள்ஸ் அரசின் சட்டப்படி, மன்னரின் அனுமதியின்றிப் பிரபுக்கள் புதுக் குடியிருப்பு அமைத்தல் ஆகாது. அனுமதி பெற்றாலோ அரசுக்கு வரி செலுத்த வேண்டும். இவ்வூர் நிலத்துக்கு உடையவர்கள் கொன்வெர்சானோ பிரபுக்களான அக்வாவீவா குடும்பத்தார். காட்டை அழித்து உழவு செய்ய அவர்களுக்கு ஆட்கள் வேண்டும். வரி கொடுக்க மட்டும் மனமில்லை. ஆகவே, குடியானவர்கள் சாந்தின்றியே வீடு கட்ட வேண்டும் என விதித்தனர். கணக்கெடுக்க அதிகாரி வரும் செய்தி எட்டினால் கூரையைக் கலைத்துவிடலாம். வந்தவர் கண்ணுக்குக் கற்குவியலே தெரியும். 17ஆம் நூற்றாண்டில், 'பூலியாவின் மாறுகண்ணர்' எனப் பெயர்பெற்ற இரண்டாம் ஜியான்ஜிரோலமோ காலத்தில் அவ்வாறே வீடுகள் இடிக்கப்பட்டன என்று ஊரார் வழிவழியாகக் கூறுவர்.

இதனைப் பிரபுவின் சாதுரியமென்று வியந்து பேசுவோர் உளர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. இடிக்கப்பட்டது யாருடைய வீடு? அன்றிரவு குழந்தைகளோடு வெளியே நின்றவர் யார்? தலைமுறை தலைமுறையாக உழைத்தும், ஏட்டில் ஊரும் இல்லை, மக்களும் இல்லை. கல்லை அடுக்கும் கலையைப் பிரபு கண்டுபிடிக்கவில்லை. அஃது அதற்கும் முந்தியது. அவர் செய்ததெல்லாம் அதற்குமேல் அவர்கள் கட்டக்கூடாதென்று தடுத்ததே.

1797ஆம் ஆண்டு மன்னர் நான்காம் பெர்டினாண்ட் தாரந்தோ நகருக்கு வந்திருப்பதை அறிந்து, ஊரார் எழுவர் அங்கே சென்று முறையிட்டனர். மே 27ஆம் நாள் அரசாணை பிறந்தது. அல்பெரோபெல்லோ பிரபுவின் பிடியினின்று விடுபட்டு நேரே மன்னருக்குட்பட்ட ஊராயிற்று. அந்நாட்டில் பிரபுத்துவ உரிமைகள் சட்டத்தால் ஒழிந்தது 1806இல்தான். எனவே இவர்கள் ஒன்பதாண்டுகள் முந்திக்கொண்டனர்.

1996இல் யுனெஸ்கோ இவ்வீடுகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இன்று மோந்திச் சரிவில் பல வீடுகள் கடைகளாகவும் விருந்தினர் விடுதிகளாகவும் மாறியுள்ளன. வாசல்தோறும் பொம்மை ட்ருல்லோக்கள் விற்பனைக்கு இருக்கின்றன. நாமும் ஒன்று வாங்கினோம்.

திரும்பும் வழியில் ஒரு சதுக்கத்தில் கூம்பில்லாத எளிய வீடொன்றைக் கண்டோம். ஊரின் முதல் மேயரான பிரான்செஸ்கோ தாமோரே விடுதலை பெற்ற அதே ஆண்டில் கட்டியது அது. அரசாணையால் எழுந்த முதற் கட்டடம் என்று அதன் முகப்பில் இலத்தீனில் பொறித்திருக்கின்றனர். படம் எடுப்போர் எவரும் அங்கு நிற்கக் காணோம். நாம் அருகே சென்று கற்களின் இடுக்கில் விரல் வைத்துப் பார்த்தோம். சாந்து இருந்தது.