465-ஆ, 587-ஆ?

போன மாதம் சித்தப்பா போன் பண்ணி, பழைய மெயில் கணக்கைப் புது லேப்டாப்பில் போட்டுத் தரச் சொன்னார். இன்டர்நெட் இணைப்போடு சேர்ந்து வந்த கணக்கு. மகள் வெளிநாட்டில் படித்த இரண்டு வருஷமும் எழுதிய மெயில்கள் அதில்தான் வந்தன. பாஸ்வேர்டை டைரியில் குறித்து வைத்திருந்தார். ஆனால் மெயில் மென்பொருள் கேட்டதோ வேறு: இன்கமிங் சர்வர் எது, அவுட்கோயிங் எது, போர்ட் 465-ஆ, 587-ஆ?

"முகவரியிலயே கம்பெனி பேர் இருக்கேப்பா, அதை வெச்சுக் கண்டுபிடிக்க முடியாதா?" என்றார். நியாயமான கேள்வி. இருபது வருஷமாக இந்தத் துறையில் இருக்கிற எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. பழைய ஆர்எஃப்சி ஆவணங்களைப் புரட்டியதில் கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

1971-ல் ரே டாம்லின்சன் முகவரியில் @ குறியைப் போட்டபோது அதன் பொருள் எளிமையானது: இந்த ஆள், அந்தக் கணினியில். மெயில் வந்து சேரும் கணினியிலேயே டெர்மினல் வழியாக உட்கார்ந்து படித்துவிடுவார்கள். 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி-யும் (ஆர்எஃப்சி 821, போர்ட் 25) ஒரு கணினி இன்னொன்றிடம் மெயிலை ஒப்படைப்பது பற்றித்தான் பேசுகிறது. பெட்டியைத் திறந்து படிப்பது அதன் வேலையே இல்லை. 1986 ஜனவரியில் எம்எக்ஸ் பதிவு வந்தது. இந்த டொமைனுக்கு வரும் மெயிலை எந்தக் கணினியிடம் கொடுக்க வேண்டும் என்று டிஎன்எஸ்-ல் எழுதி வைக்கும் ஏற்பாடு. நாம் மெயில் அனுப்பும்போது எதிராளியின் சர்வர் பெயரை யாரும் நம்மிடம் கேட்காததற்கு அதுதான் காரணம்.

இதற்கிடையில் மேஜைக் கணினி வந்து, ஆள் ஓரிடம், பெட்டி ஓரிடம் என்று ஆகிவிட்டது. பெட்டியிலிருந்து மெயிலை எடுத்து வர 1984-ல் பாப், 1986-ல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிரிஸ்பின் உருவாக்கிய ஐமேப். ஆனால் "என் பெட்டி எந்த சர்வரில்?" என்று டிஎன்எஸ்-ஐக் கேட்க ஒரு முறை 2011-ல்தான் (ஆர்எஃப்சி 6186) வந்தது. கால் நூற்றாண்டு தாமதம். அதுவரை உதவிப் பக்கமும் கஸ்டமர் கேருமே கதி. இன்றும் பல நிறுவனங்கள் அந்தப் பதிவை வைப்பதில்லை.

போர்ட் கதை இன்னும் சுவாரசியம். முதலில் நாம் அனுப்புவதும் சர்வர்கள் தங்களுக்குள் கைமாற்றுவதும் ஒரே 25-ல்தான். ஸ்பேம் பெருகவும், நம் போன்றவர்கள் ஒப்படைக்கத் தனி வாசலாக 1998 டிசம்பரில் 587 வந்தது. அதற்குச் சற்று முன்பு 1997-ல், ஆரம்பத்திலிருந்தே மறையாக்கத்தோடு பேச 465 பதிவானது. 'இருக்கிற போர்ட்டிலேயே இடையில் மறையாக்கத்துக்கு மாறிக்கொள்ளலாமே' என்று அதைச் சீக்கிரமே ரத்து செய்து, எண்ணை வேறொரு வேலைக்குக் கொடுத்துவிட்டார்கள். மென்பொருள்காரர்களோ 465-ஐ விடவே இல்லை. கடைசியில் 2018 ஜனவரியில் ஆர்எஃப்சி 8314, 'சரி, அதையே பயன்படுத்துங்கள்' என்றது. பட்டா ரத்தான மனையில் இருபது வருஷம் குடியிருந்தவருக்குத் திரும்பப் பட்டா கிடைத்த மாதிரி. ஆகவே 465, 587 இரண்டுமே சரியாக இருக்கலாம். உங்கள் நிறுவனம் எதைத் திறந்து வைத்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

சித்தப்பா கணக்குக்கு வருவோம். எம்எக்ஸ் பதிவைத் தேடி எடுத்து, அந்த சர்வரில் ஐமேப் போர்ட் 993-ஐத் தட்டினேன். பதில் இல்லை. எம்எக்ஸ் காட்டியது தபால்காரர் வரும் வாசல். பெட்டிக்காரருக்கு வேறு வாசல். டொமைனுக்கு முன்னால் 'மெயில்' என்று சேர்த்து, பாப்-இன் 995-ல் முயன்றதும் திறந்துகொண்டது.

உள்ளே 14 மெயில்கள். அத்தனையும் இந்த வருஷத்து விளம்பரங்கள்.

புரிய ஒரு நிமிஷம் ஆனது. பாப் அந்தக் காலத்துக் குறைந்த சர்வர் இடத்துக்கு ஏற்ற முறை. மெயிலை இறக்கிக்கொண்டு, சர்வரில் அழித்துவிடும். 'சர்வரில் ஒரு பிரதி இருக்கட்டும்' என்ற கட்டத்தை அன்று யாரும் டிக் செய்யவில்லை. மகளின் கடிதங்கள் சர்வரில் தங்கவே இல்லை. வந்த அன்றே வீட்டுக்கு வந்துவிட்டன.

"அந்தப் பழைய கம்ப்யூட்டர் என்ன ஆச்சு சித்தப்பா?"

"பரண்லதான் கிடக்கு. காயலான் கடைக்குப் போடலாம்னு உன் சித்தி சொல்லிட்டே இருக்கா."

சிபியு இப்போது என் மேஜையில். 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். ஐடிஇ அடாப்டர் வாங்க சனிக்கிழமை ரிச்சி ஸ்ட்ரீட் போகணும்.