கொழுப்புக் கைனேஸ்கள்

ஏடிபி மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துச் செல் சவ்வின் கொழுப்பு மூலக்கூறில் ஏற்றும் நொதிகள் கொழுப்புக் கைனேஸ்கள் எனப்படும். இன்சுலின் போன்ற செய்தி செல்லின் வெளிப்புறத்தை எட்டியதும் அதை உள்ளே கடத்துவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. சவ்வுக் கொழுப்பு செல்லைச் சுற்றிய மதில், அவ்வளவுதான் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலவியதால், இத்துறை தாமதமாகவே வளர்ந்தது.

முதல் தடயம் 1953இல் கிடைத்தது. கனடாவின் மான்ட்ரியலில் மேபெல் ஹோக்கின், லோவெல் ஹோக்கின் இணையர் புறாவின் கணையத் துண்டுகளில் அசிட்டைல்கோலினைச் சேர்த்தபோது, கதிரியக்கப் பாஸ்பரஸ் சவ்வுக் கொழுப்புகளில் விரைந்து ஏறியது. அதன் பொருள் துலங்க இருபதாண்டுகளுக்கு மேலாயிற்று. 1975இல் ராபர்ட் மிச்செல் இம்மாற்றத்தைக் கால்சியச் சமிக்ஞையோடு இணைத்தார். கொழுப்பிலிருந்து பிரியும் இனோசிடால் டிரைபாஸ்பேட் செல்லுக்குள் கால்சியத்தை விடுவிக்கிறது என்பது 1983இல் உறுதியானது.

இக்கொழுப்பிலுள்ள இனோசிடால் வளையத்தின் 4, 5 ஆகிய இடங்களில் பாஸ்பேட் ஏறுவது அப்போது தெரிந்திருந்தது. கதை முடிந்தது என்றே பலர் எண்ணினர். 1988இல் லூயிஸ் கான்ட்லி குழுவினர் 3ஆம் இடத்தில் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி ஒன்று இருப்பதைக் காட்டினர். இதுவே பிஐ3-கைனேஸ். இத்துறையின் திருப்பம் இதுதான் எனலாம். இன்சுலின் தன் ஏற்பியில் அமர்ந்ததும் இந்நொதி சவ்வுக்கு வந்து பிஐபி3 என்னும் கொழுப்பை உண்டாக்குகிறது. அக்கொழுப்பை நாடி ஏகேடி என்ற புரதம் வருகிறது. அதன் தூண்டலால் தசைச் செல்லும் கொழுப்புச் செல்லும் குளுக்கோஸை உள்ளே இழுக்கின்றன. ஏற்றிய பாஸ்பேட்டை இறக்குவது பிடென் என்ற நொதியின் வேலை என்பது 1998இல் தெரியவந்தது. பிடென் செயலிழந்தாலும் பிஐ3-கைனேஸ் மரபணு திரிந்தாலும் செல் கட்டின்றிப் பெருகும். பல புற்றுநோய்களில் அம்மரபணு திரிந்திருப்பதை 2004இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டனர்.

இந்தியாவில் இத்துறைக்கு உரம் சேர்த்தது பழ ஈ. ஆர்டிஜிஏ என்ற மரபணு பழுதான ஈயின் ஒளியுணர் செல்கள் அழிந்துபோகும். அந்த மரபணு டைஅசைல்கிளிசரால் கைனேஸ் என்ற கொழுப்புக் கைனேஸுக்கு உரியது. அது இல்லாவிட்டால், ஒளி படாதபோதும் செல்லின் அயனி வாயில்கள் திறந்தே கிடக்கின்றன என்று ரகு படிஞ்ஞாட், ரோஜர் ஹார்டி முதலியோர் 2000இல் காட்டினர். பின்னர் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் படிஞ்ஞாட்டின் குழு பிஐபி4கே என்ற கைனேஸை எடுத்துக்கொண்டது. அது இல்லாத ஈயின் வளர்ச்சி குன்றுவதை 2013இல் வெளியிட்டது. 2019இல் வந்த முடிவு இன்னும் வியப்பானது: அந்த நொதி இல்லாதபோது இன்சுலினின் தூண்டலால் எழும் பிஐபி3 கூடுகிறது, மிகுந்த சர்க்கரை உணவின் கேடும் அந்த ஈக்களை அவ்வளவாகத் தாக்குவதில்லை. நீரிழிவு பெருகிவரும் நாட்டில் இவ்வகை அடிப்படை ஆய்வுக்குத் தனி மதிப்பு உண்டு. ஈயில் கண்டது மனிதருக்கு அப்படியே பொருந்தும் என்று இதற்குப் பொருளில்லை.

மலேரியா ஒட்டுண்ணிக்கும் பிஐ3-கைனேஸ் தேவைப்படுகிறது. புதுதில்லி தேசிய நோய்த்தடுப்பியல் நிறுவனத்தில் புஷ்கர் சர்மாவின் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒட்டுண்ணி தன் பிஐ3-கைனேஸைச் சிவப்பணுவுக்குள் அனுப்புகிறது. உணவாக ஹீமோகுளோபினைக் கடத்திச் செல்வதில் அந்நொதிக்குப் பங்குண்டு.

மருந்துகளின் வரலாறு ஏற்றமும் இறக்கமும் கொண்டது. பிஐ3-கைனேஸைத் தடுக்கும் ஐடெலாலிசிப் 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இந்தியத் தொடர்புள்ள ரைசன் நிறுவனம் கண்டறிந்த அம்ப்ராலிசிப் நிணநீர்ப் புற்றுநோய்க்காக 2021இல் ஒப்புதல் பெற்று, இறப்பு அபாயம் கூடலாம் என்ற ஐயத்தால் 2022இல் விலக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோய்க்கு 2019இல் வந்த அல்பெலிசிப், இன்சுலின் பயன்படுத்தும் அதே பாதையை மறிப்பதால் இரத்தச் சர்க்கரையை உயர்த்துகிறது. எனவே அதைத் தொடங்கும் முன்னரும் சிகிச்சை நெடுகிலும் நோயாளியின் சர்க்கரை அளவைச் சோதிப்பது கட்டாயம்.