காண்டலும் உரையும்: கோவில்பட்டி ஹாக்கியின் திரைச் சான்றுகள்

உண்மையை அறிதற்குரிய அளவைகளாகக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றையும் சைவ சித்தாந்தியர் கொண்டனர். விளையாட்டின் சரித்திரத்தை எழுதப் புகுகின்றவனுக்கும் இவையே போதும். ஹாக்கியைப் பொறுத்தமட்டில், அதிலும் கோவில்பட்டியில், உரை மலிந்தும் காண்டல் அருகியும் கிடக்க, இடையிலுள்ள வெற்றிடத்தைத் திரைப்படம் என்னும் கருதல் நிரப்பிக்கொண்டு, தன்னையே காண்டலெனக் காட்டி வருகிறது என்பது என் அபிப்பிராயம்.

உரைக்கு அவ்வூரில் பஞ்சமில்லை. ஒரு தேநீர்க்கடை பெஞ்சில் அரைமணி நேரம் உட்கார்ந்தால், "பந்து அவன் மட்டையிலேயே ஒட்டிக்கிட்டுல்லா வரும்" என்று பழைய ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி யாரேனும் தொடங்கிவிடுவார். ஆயினும், கோடையில் பாளம் பாளமாக வெடித்து மழையில் காலைப் பிடித்துக்கொள்ளும் கரிசல் சீமையின் மேடுபள்ளமான தரையில், துள்ளி எழும் பந்தை அடக்கி நிறுத்துவதே பாதி வித்தையாயிருந்த காலத்து ஆட்டத்தை, இன்று கிருஷ்ணா நகரின் செயற்கைப் புல்தரையில் பழகும் சிறுவன் அச்சொற்களைக்கொண்டு மாத்திரம் எவ்வாறு உணர்வான்? 1976இல் மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை வந்தது. 1990களில் ஆஃப்சைடு விதி ஒழிந்தது. பெயர் ஒன்றாயினும் ஆட்டம் வேறாகிவிட்டது. பழைய ஆட்டத்துக்குப் படச்சுருளே பிரத்தியட்சப் பிரமாணம்.

அந்தப் பிரமாணமோ தேசத்துக்கே சொற்பம். 1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் தியான்சந்தின் இந்திய அணி ஜெர்மனியை 8–1 என்று வென்ற ஆட்டத்தின் சில காட்சிகள் லெனி ரீஃபென்ஸ்டாலின் 'ஒலிம்பியா'வில் இருக்கின்றன. அவற்றைச் சுற்றி எழுந்த கதைகளோ மலையளவு. 1948இன் லண்டன் ஒலிம்பிக் வெற்றியைப் பிற்காலத்தார் பெரும்பாலும் அறிவது 2018இல் வந்த 'கோல்டு' என்னும் இந்திப் படத்தால். அதன் நாயகனோ கற்பனைப் பாத்திரம். தமிழில் 2019இல் வந்த ஹாக்கிப் படமான 'நட்பே துணை'யும் கதையே. கதையாக இருப்பது குற்றமன்று. கதையைத் தவிர வேறொன்றும் இராமற்போவதே குற்றம்.

இங்கே அமெரிக்கக் கால்பந்தாட்டத்தை (பெயரில்தான் கால்; பந்து பெரும்பாலும் கையில்) நினைவுகூர்வது பொருத்தம். மேலங்கி வியாபாரியான எட் சேபல், தமக்குக் கல்யாணப் பரிசாக வந்த 16 மில்லிமீட்டர் கேமராவால் மகனுடைய பள்ளி ஆட்டங்களைப் படமெடுத்துப் பழகியவர். 1962ஆம் ஆண்டின் இறுதியாட்டத்தைப் படமாக்கும் உரிமையை 3,000 டாலருக்குப் பெற்றார். அம்முயற்சியே பின்னர் என்.எஃப்.எல். ஃபிலிம்ஸ் என்னும் ஸ்தாபனமாயிற்று. 1967 ஜனவரி 15இல் நடந்த, அவ்வாட்டத்தின் மகுடப் போட்டியான சூப்பர் பவுலின் முதலாட்டத்தை இரண்டு பெருந்தொலைக்காட்சிகள் ஒளிபரப்பியும், முழுப் பதிவை இரண்டுமே பேணவில்லை. 2016இல் அவ்வாட்டத்தை மீட்டு ஒட்டியபோது கைகொடுத்தவை அந்த ஸ்தாபனத்தின் படச்சுருள்களே. ஒளிபரப்பு வேறு, பேணுதல் வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

கோவில்பட்டியில் பயின்ற மாரீஸ்வரன் சக்திவேலும் கார்த்தி செல்வமும் 2022இல் ஜகார்த்தா ஆசியக் கோப்பையில் இந்தியாவுக்காக ஆடியதையும், பாகிஸ்தானுக்கு எதிராகக் கார்த்தி கோல் அடித்ததையும் தொலைக்காட்சி பதிந்துவைத்தது. சிகரத்தைக் காட்டும் தொலைக்காட்சி அடிவாரத்தைக் காட்டுவதில்லை. அடிவாரத்தை நான் கண்டது ஒரு கல்யாண வீடியோவில். முக்கால்மணி நேரம் தாலிகட்டும் பந்தியும் ஓடியபின், மிச்சமிருந்த நாடாவில் திடீரென ஒரு மைதானம் தோன்றியது. பூஞ்சை படிந்த படத்தில் வெறுங்காலோடு ஒரு பையன் மட்டையைத் தரையோடு படுக்கவைத்துப் பந்தை நிறுத்துகிறான், "விடாதல, அடி!" என்று ஒரு குரல், அடிக்கும் கணத்தில் கேமரா சிறப்பு விருந்தினருக்குப் போடும் மாலைக்குத் திரும்பிவிட, கோல் நமக்குக் கிட்டாமற்போகிறது. ஆனாலும் அந்தக் காலும் மட்டையும் தரையும் எந்தத் திரைப்படமும் கொடுக்க இயலாத ஆதாரங்கள்.

இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன், யாரும் பொருட்படுத்தாத பேச்சுச் சொற்களைத் திரட்டிக் கரிசல் வட்டாரத்துக்கு ஓர் அகராதியையே செய்துகொடுத்தார். அவர் காதுக்குச் செய்ததை இவ்வூர் கண்ணுக்குச் செய்யவேண்டும். பரண்மேல் பழைய கேசட்டு வைத்திருப்பவர்கள், மேலே மணமக்கள் பெயர் எழுதியிருந்தாலும் எறிந்துவிடாமல், கடைசிவரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, இங்கே லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை ஹாக்கிப் போட்டி நடக்கும் கோடை நாள்களில் மைதானத்துக்கு எடுத்துவரும்படி கேட்டுக்கொள்கிறேன்.