பெந்தோட்டை மணல்திட்டு

பெந்தோட்டை கங்கை கடலை அணுகியதும் உடனே அதனுட் கலந்துவிடுவதில்லை. ஆற்றுக்கும் அலைக்கும் இடையே ஒடுங்கிய மணல்திட்டொன்று குறுக்கிட்டு நிற்கின்றது. கீழைக் கரையின் வாவி முகத்துவாரங்களை அறிந்தோர்க்கு இது புதிய காட்சியன்று. உழவுக்கு உதவாத மண், அதுவே உல்லாசபுரியாயிற்று.

1966ஆம் ஆண்டின் சட்டத்தால் தோன்றிய உல்லாசப் பிரயாணச் சபை, பெந்தோட்டையைத் தேசிய விடுமுறைத்தலமாகத் தேர்ந்தெடுத்தது. ஜெஃப்ரி பாவா வரைந்த ஹோட்டல் 1969இல் கழிமுகத்தருகே எழுந்தது. அந்நியச் செலாவணி முடைப்பட்டு, இறக்குமதிப் பொருள்கள் அரிதாயிருந்த காலம் அது. ஆகவே உள்ளூர்க் கல்லும் மரமும் கைத்தறித் துணியுமே கைகொடுத்தன. கூடத்தின் உட்கூரையை ஈனா டி சில்வாவின் பத்திக் சீலைகள் அணிசெய்தன. தட்டுப்பாடே கலைக்குத் துணைநின்றது எனலாம்.

ஆயினும் மணலுக்கு நிலைபேறில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் கரையை அரிக்கும். அமைதியான மாதங்களில் கடல் மணலை மீளக் கொணரும். 2004 டிசம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை அத்திட்டின் மீதே ஏறிப் பாய்ந்தது.