ரெண்டாவது வரி: ஒரு கறுப்புத் திரையின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சு நடையைச் சற்றே சீர்படுத்தியிருக்கிறோம்.)

இன்னிக்கு கதை கோடியக்கரையில தொடங்குது. வேதாரண்யத்திலிருந்து தெற்கே, அகஸ்தியன்பள்ளி உப்பளத்தைத் தாண்டி, காட்டைத் தாண்டிப் போனா ரோடு முடியுற ஊர். வெளிமான் பார்க்கவோ பூநாரை பார்க்கவோ உங்கள்ல சிலர் வந்திருக்கலாம். எனக்கு அது சொந்த ஊர்.

2012-ல நான் பிளஸ் டூ. அரசு கொடுத்த இலவச லேப்டாப் கைக்கு வந்துச்சு. பவர் பட்டனை அழுத்தினா திரையில ரெண்டு வரி வரும். முதல் வரி விண்டோஸ். ரெண்டாவது வரி பாஸ் லினக்ஸ். என் நண்பர்கள்ல பலபேர் அந்த ரெண்டாவது வரியைத் தொட்டதே இல்லை. நான் தொட்டேன். தொட்டதோட விடாம, கேம் வேகமா ஓடணும்னு வேதாரண்யம் பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்து, எங்கேயோ இருந்த நாற்பது வரியை நோட்டுல கையால எழுதிக்கிட்டு வந்தேன். 'எக்ஸ்ஆர்க் டாட் கான்ஃப்'னு ஒரு ஃபைல். வீட்டுக்கு வந்து அதை அப்படியே டைப் பண்ணி, லேப்டாப்பை அணைச்சுப் போட்டேன். கறுப்புத் திரை. மூலையில ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக்கிட்டு இருந்துச்சு.

தப்பு முழுக்க என்னோடது. அந்த ஃபைல் வேற ஒரு கிராபிக்ஸ் கார்டுக்கு எழுதினது. ஆனா ஒரு படம் திரைக்கு வர்றதுக்கு நாற்பது வரி எதுக்குங்கற கேள்வி அன்னிக்கு ராத்திரி மனசுல உட்கார்ந்துச்சு. இந்த எபிசோடு அதுக்கான பதில்தான்.

முதல்ல டிரைவர்னா என்ன? நீங்க பார்க்கிற படம் நினைவகத்துல வெறும் எண்கள். அந்த எண்களைத் திரைக்கு அனுப்புறது கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டுகிட்ட எந்த இடத்துல எந்த எண்ணை எழுதினா என்ன நடக்கும்னு தெரிஞ்ச நிரல்தான் டிரைவர். அதை எழுதணும்னா கார்டோட உள்விவரம் தெரியணும்.

எங்க ஊர்ல கலங்கரை விளக்கம் இருக்கு. ஒவ்வொரு விளக்கத்துக்கும் தனி மினுக்கல் கணக்கு உண்டு: எத்தனை விநாடிக்கு எத்தனை தடவைனு. அந்தக் கணக்கு புத்தகமா அச்சாகி, எந்த நாட்டுக் கப்பலுக்கும் கிடைக்கும். ராத்திரியில ஒளியை எண்ணினாலே எந்தக் கரைனு தெரிஞ்சிடும். கிராபிக்ஸ் கார்டும் அப்படி ஒரு விளக்கம்தான். ஆனா பல கம்பெனிகள் ரொம்ப காலம் அந்தக் கணக்கை வெளியில சொல்லலை.

இப்ப கொஞ்சம் பின்னாடி போவோம். யூனிக்ஸ் வகைக் கணினிகள்ல ஜன்னல், மவுஸ், படம் எல்லாத்துக்கும் அடித்தளம் 'எக்ஸ்'ங்கற அமைப்பு. 1984-ல அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில பாப் ஷீஃப்லரும் ஜிம் கெட்டிஸும் தொடங்கினாங்க. அதுக்கு முன்னாடி 'டபிள்யூ'னு ஒண்ணு இருந்துச்சு. அடுத்த எழுத்து எக்ஸ். 1987-ல வந்த பதினொன்றாவது பதிப்பின் வழிவந்தது இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு.

வீட்டுக் கணினிகளுக்கு அதைக் கொண்டுவந்தது 1992-ல உருவான எக்ஸ்ஃப்ரீ86 குழு. அப்போ மானிட்டர்னா கண்ணாடிக் குழாய் வெச்ச பெட்டி. அது ஒரு விநாடிக்கு எத்தனை கோடு வரையும், படத்தை எத்தனை தடவை புதுப்பிக்கும்னு நீங்களே மேனுவலைப் பார்த்து ஃபைல்ல எழுதணும். எண்ணை ஏத்திப் போட்டா சில மானிட்டர்கள் பழுதாகவே செய்யும். எழுதினவங்களே அந்த எச்சரிக்கையைக் கொடுத்திருந்தாங்க. நாற்பது வரிக்கு இதுதான் பூர்வீகம். 2004-ல உரிமத் தகராறு வந்து பலர் எக்ஸ்.ஆர்க் பக்கம் போனாங்க. ஃபைல் பேரும் மாறிச்சு.

அதே காலத்துல நம்ம ஊர்ல என்ன நடந்துச்சு? 2000-ஐ ஒட்டி திருவாரூர் ஆட்சியரா இருந்த சி. உமாசங்கர், அங்கே அரசு அலுவலகங்களைக் கணினிக்கு மாத்தினார். எங்களுக்குப் பக்கத்து மாவட்டம் அது. பிறகு 2006-ல எல்காட் நிர்வாக இயக்குநரா வந்து, அரசுக் கணினிகளை சூசே லினக்ஸுக்குக் கொண்டுபோனார். 2007 தொடக்கத்துல சென்னை சி-டாக் மையம் டெபியனை அடிப்படையா வெச்சு பாஸ் லினக்ஸை வெளியிட்டுச்சு. இந்திய மொழிகள்ல வேலை செய்யலாம்ங்கறது அதோட முக்கிய நோக்கம். 2011 செப்டம்பர் 15-ல இலவச லேப்டாப் திட்டம் தொடங்கிச்சு. எங்க திரையில அந்த ரெண்டாவது வரி வந்தது இப்படித்தான்.

கவனிங்க: மென்பொருளை அரசு தேர்ந்தெடுக்கலாம், தமிழில் மெனு கொடுக்கலாம். ஆனா படம் திரைக்கு வர்ற கடைசி அடியை முடிவு பண்றது கார்டு செஞ்ச கம்பெனியோட காகிதம். அது பூட்டியிருந்தா மேல இருக்கிற சுதந்திரம் எல்லாம் கறுப்புத் திரைதான்.

அந்தப் பூட்டு ஒவ்வொரு கம்பெனியிலயும் ஒவ்வொரு விதமா திறந்துச்சு. இன்டெல் தன் கார்டுகளுக்குத் திறந்த டிரைவர் எழுத ஆட்களையே வேலைக்கு வெச்சுச்சு. ஏ.எம்.டி. 2007-ல தன் கார்டுகளோட ஆவணங்களை வெளியிடப்போறதா அறிவிச்சுச்சு. என்விடியா தன் டிரைவரை மூடியே கொடுத்துச்சு. அப்போ ஸ்டெஃபான் மார்ஷேசின் தொடங்கிவெச்ச 'நூவோ' குழு என்ன பண்ணுச்சுனா, மூடின டிரைவரை ஓடவிட்டு, அது கார்டுல என்னென்ன எண் எழுதுதுன்னு பதிவு பண்ணி, ஒப்பிட்டுப் பார்த்து விதியைக் கண்டுபிடிச்சுச்சு. கணக்குப் புத்தகம் இல்லாம, கரையில உட்கார்ந்து மினுக்கலை எண்ணின மாதிரி. பல வருஷ வேலை. 2010 பிப்ரவரியில வந்த கெர்னல்ல அது சேர்ந்துச்சு. 2012-ல பின்லாந்துல ஒரு கூட்டத்துல லினஸ் டோர்வால்ட்ஸ் என்விடியாவை நோக்கி நடுவிரலைக் காட்டினார். அந்த வீடியோவை நீங்க பார்த்திருப்பீங்க. 2022 மே மாதம் என்விடியாவே கெர்னல் பகுதியின் மூலநிரலைத் திறந்துச்சு. மேல்பகுதி இன்னும் மூடியேதான் இருக்கு.

இன்னொரு மாற்றம் சத்தமில்லாம நடந்துச்சு. 2009-லிருந்து திரையின் அளவையும் வேகத்தையும் அமைக்கிற வேலை கெர்னலுக்குள்ளேயே போச்சு. மானிட்டரே தன் விவரத்தைச் சொல்லும், கெர்னல் கேட்டுக்கும். அதனால நான் கையால எழுதிட்டு வந்த ஃபைல் 2012-லயே எனக்குத் தேவையில்லாத ஒண்ணு.

மறுநாள் மறுபடியும் பிரவுசிங் சென்டர் போனேன். கத்துக்கிட்டது இதுதான்: கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 2 மூணையும் சேர்த்து அழுத்தினா வெறும் எழுத்துத் திரை வரும். பேரும் பாஸ்வேர்டும் கொடுத்து உள்ளே போய், அந்த ஃபைலை அழிச்சுட்டு, திரும்பத் தொடங்கினா போதும். செஞ்சேன். டெஸ்க்டாப் வந்துச்சு. புதுசா எதையும் சேர்க்கலை. நான் வெச்சதை நானே எடுத்தேன்.

உங்களுக்கும் இப்படி நடந்தா முதல்ல கார்டு எதுன்னு பாருங்க. 'எல்எஸ்பிசிஐ'க்கு ஒரு இடம் விட்டு 'ஹைஃபன் கே'னு அடிச்சா, கார்டோட பேரும் அதை ஓட்டுற டிரைவர் பேரும் வரும். அது தெரியாம அடுத்தவர் ஃபைலை ஒட்டாதீங்க. டிரைவரை உங்க டிஸ்ட்ரோவோட களஞ்சியத்திலிருந்தே எடுங்க. மாத்துறதுக்கு முன்னாடி பழைய ஃபைலுக்கு ஒரு பிரதி எடுத்து வைங்க.

2025 பட்ஜெட்ல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப் அல்லது டேப்லெட்னு அறிவிப்பு வந்துச்சு. எவ்வளவு ராம், எவ்வளவு ஸ்டோரேஜ்னு எல்லாரும் கேட்கிறோம். உள்ளே இருக்கிற சிப்போட ஆவணம் வெளியில கிடைக்குமானும் கேட்கணும். கூடவே, திரை கறுத்துப்போனா என்ன பண்ணணும்னு ஒரே ஒரு பக்கம் தமிழில் அச்சடிச்சு பெட்டிக்குள்ள வைக்கலாம். அந்த ஒரு பக்கம் இருந்திருந்தா, மறுநாள் நான் வேதாரண்யத்துக்கு சைக்கிள் மிதிச்சிருக்க வேண்டியதில்லை. என் நண்பர்கள்ல நாலு பேராவது பயப்படாம ரெண்டாவது வரியைத் தொட்டிருப்பாங்க.